மீனுக்கு வாடகைக்கு விட்ட இடம்

தூத்துக்குடியில் பல் டாக்டர் பூபாலனைத் தெரியாதவர்கள் குறைவு. டாக்டருக்குத்தான் இப்போது யாரையும் தெரியாது. காலையில் கண்ணாடி முன் நின்று சவரம் செய்யும்போது எதிரில் நிற்கிற ஆளைக்கூட, பனியனை வைத்துத்தான் அது தானே என்று ஏற்றுக்கொள்கிறார். எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்டால் சுற்றி வளைக்காமல் சொல்வார்: "எல்லாம் கொழுப்பு."

அந்தக் கொழுப்பு கடலில் ஆரம்பித்தது. ஐம்பதைத் தாண்டிய ஆண்பிள்ளைகள் சிலர் திடீரென்று மாரத்தான் ஓடுவார்கள், சிலர் புல்லாங்குழல் வாங்குவார்கள். பூபாலன் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் குதித்தார். முத்துநகர் முக்குளிப்போர் சங்கம் என்று ஒரு கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மின்படகில் வான்தீவுப் பக்கம் போய், பவளப்பாறை மேல் முக்கால் மணி நேரம் மிதந்து மீன் பார்த்துவிட்டு வருவார்கள். சும்மா பார்த்துவிட்டு வந்தால் பரவாயில்லை. படகில் ஏறி, ஈரம் சொட்டச் சொட்ட, சுக்குக் காபியைக் கையில் வாங்கியதும் விசாரணை ஆரம்பமாகிவிடும்.

விசாரணையை நடத்துகிறவர் சங்கத் தலைவி ரோஸ்லின் மச்சாது. கல்லூரியில் கடல் உயிரியல் எடுப்பவர், மாணவர்களிடம் காட்ட முடியாத கண்டிப்பையெல்லாம் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை இறக்குவார். ஒவ்வொருவரும் தான் பார்த்த மீன்களின் பெயரைச் சொல்ல வேண்டும். கூட நீந்திய ஜோடி, "நானும் பார்த்தேன்" என்று சாட்சி சொல்ல வேண்டும். கேமரா, மீனைப் பார்த்ததும் பெயர் சொல்லும் கண்ணாடி எதுவும் கூடாது. "மெஷின் சொன்னா அது மெஷின் பார்த்த மீன். நீங்க என்னத்தப் பார்த்தீங்க?" என்பார். தப்பாகச் சொன்னவருக்குத் தண்டனை உண்டு. எந்த மீனில் தவறினாரோ, அதைச் சரியாகச் சொல்லும் நாள் வரைக்கும் அந்த மீன் பெயர்தான் அவருக்கும் பெயர்.

பாறை மீன்களில் வம்பே இதுதான், ஒன்றைப் போல இன்னொன்று இருந்து தொலைக்கும். விரல் நீளத்தில் ஒரு பேத்தை மீன் உண்டு. வெள்ளை உடம்பு, முதுகில் நாலு கறுப்புப் பட்டை. உடம்பெல்லாம் விஷம் என்பதால் பெரிய மீன்கள் அதைத் தொடாது. இதைப் பார்த்த ஒரு கிளாத்தி மீன், தன்னிடம் ஒரு சொட்டு விஷம் இல்லாவிட்டாலும், அதே பட்டையைப் போட்டுக்கொண்டு அதே மிதப்பில் திரியும். முதுகுத் துடுப்பு குட்டையாக இருந்தால் பேத்தை, நீளமாக ஓடினால் கிளாத்தி. கரையில் உட்கார்ந்து படிக்கும்போது யாருக்கும் புரியும். தண்ணீருக்குள் அந்தத் துடுப்பு கண்ணாடித்தாள் போல இருக்கும், கண்ணுக்கே படாது.

பூபாலன் பேத்தையைக் கிளாத்தி என்றார். அடுத்த வாரம் உஷாராகி, கிளாத்தியைப் பேத்தை என்றார். அதற்கடுத்த வாரம் "ரெண்டுல ஒண்ணு" என்றார், செல்லாது என்று தீர்ப்பானது. இப்படியே ஐந்து மாதம் அவர் பேத்தை டாக்டராகவே கரையேறினார். பேர் கரையோடு நிற்கவில்லை. கிளினிக்கில் வாய்க்குள் பஞ்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்த ஒரு வங்கி மேனேஜர், பஞ்சைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "நீங்கதானே அந்தப் பேத்தை டாக்டர்?"

அன்றைக்குத்தான் பூபாலன் மதுரைக்குப் போன் போட்டார். அங்கே மூளைக்கு வித்தை ஏற்றுகிற ஒரு நிலையம் இருப்பதாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வைரம் பார்க்கிறவர்கள், எக்ஸ்ரே படிக்கிறவர்கள், துறைமுகத்தில் கள்ளப் பாஸ்போர்ட் பிடிக்கிறவர்கள் எல்லாம் அங்கே போய் மூன்று வாரம் தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், இருபது வருஷ அனுபவம் ஏறிவிடுமாம்.

"மீனுக்காக வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார் அங்கிருந்த டாக்டர் வைதேகி. "விஷயம் சிம்பிள் சார். நம்ம மூளையில முகம் பார்க்கிறதுக்குன்னே ஒரு சின்ன இடம் இருக்கு. ஆயிரம் பேர் ஒரே மாதிரி இருந்தாலும் இது இன்னார்னு பிரிச்சுச் சொல்ற இடம். அந்த இடத்துல உங்க மீனைக் கொஞ்சம் குடி வைக்கிறோம்."

"வாடகைக்கா, ஒத்திக்கா?"

"சிரிக்காதீங்க. இடம் சின்னது. மீன் வந்ததும் முகங்கள் கொஞ்சம் நெருக்கி உட்காரும். முதல்ல தடுமாற்றமா இருக்கும், போகப் போகச் சரியாகிடும். ஆனா ஒண்ணு. ஆறு மாசத்துக்கு நீங்க கடல்ல இறங்கவே கூடாது. புதுசா வந்தவனுக்குத் தீனி போட்டீங்கன்னா அவன் பழைய ஆளுங்களைக் காலி பண்ணிடுவான். கேட்டீங்களா?"

பூபாலன் தலையை ஆட்டினார். வைதேகி மறுபடியும் சொன்னார். மறுபடியும் ஆட்டினார். அவர் கண் முழுக்க வைதேகியின் முதுகுக்குப் பின்னாலிருந்த மீன்தொட்டியில் இருந்தது.

மூன்று வாரம் தொப்பி மாட்டிக்கொண்டு ஊருக்கு வந்தவர், முதல் ஞாயிற்றுக்கிழமை பொறுத்தார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வித்தையை வாங்கி வீட்டில் பூட்டி வைக்கவா என்று கடலில் குதித்துவிட்டார்.

குதித்தவருக்கு மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. முதுகில் வெள்ளைக் கொடியை நீட்டிக்கொண்டு திரிகிற கொடிமீன்கள் ஒரு இருபது பாறையோரம் வந்தன. அதில் இரண்டு வகை உண்டு. முதுகு முள் பதினொன்று இருந்தால் ஜோடியாகத் தனிக்குடித்தனம் நடத்துகிற வகை, பன்னிரண்டு இருந்தால் கூட்டுக்குடும்ப வகை. ஓடுகிற மீனின் முள்ளை எவன் எண்ணுவது என்று ரோஸ்லினே சலித்துக்கொள்வார். பூபாலனுக்கு எண்ணவே வேண்டியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தவுடன் தெரிந்தது. அது மட்டுமா, இருபதும் தனித்தனி ஆளாகத் தெரிந்தன. இவன் வெடுவெடுப்பானவன், இவள் சாது, இது எதையோ பறிகொடுத்த மூஞ்சி. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் எந்தக் கூட்டத்துக்குள்ளும் இருந்ததில்லை. முகமூடிக்குள் அழுகை வந்து, அதைத் துடைக்க வழியில்லாமல் நீந்தினார்.

விசாரணையில் முப்பத்தேழு பெயர் சொன்னார். பேத்தையை இது ஆண், இது பெண் என்று வேறு பிரித்தார். படகே வாயைப் பிளந்தது. பூபாலன் சுக்குக் காபியை உறிஞ்சியபடி அவர்களைப் பெருமையாக ஒரு சுற்றுப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தார், அவர்களில் ரோஸ்லின் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தார். ஒரு அம்மாள் கையில் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். "ரொம்ப நன்றிம்மா" என்று வாங்கிக் குடித்தார்.

"என்ன, கடல் தண்ணி தலைக்கேறிட்டா? புதுசா மரியாதையெல்லாம் கொடுக்கிய" என்றாள் அந்த அம்மாள். குரலைக் கேட்டதும்தான் பிடிபட்டது. அது அவர் மனைவி சுயம்புகனி.

அன்றைக்கே மறைக்காமல் சொல்லிவிட்டார். கண், மூக்கு, வாய் எல்லாம் தெரிகிறது, சிரித்தால் சிரிப்பு தெரிகிறது, அது யாருடையது என்பது மட்டும் தெரியவில்லை. கனி முதலில் சிரித்தாள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே வந்து, "இருபத்தெட்டு வருஷமாப் பார்த்த மூஞ்சி. அதக் காலி பண்ணிட்டு மீனையா குடி வச்சிய?" என்று கேட்டாள்.

வைதேகியிடம் போனில் பேசினார். வைதேகி கத்தினதில் போன் சூடாகிவிட்டது. மீனைக் காலி செய்யலாம், ஆனால் அதற்கே பல மாதம் ஆகும். காலி செய்தாலும் பழைய முகங்கள் தானாகத் திரும்பாது. ஒவ்வொரு முகத்தையும் புதிதாக உட்கார்ந்து பார்த்துப் பழக வேண்டும். பூபாலன் சரி என்று சொல்லவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றார். அந்த இருபது கொடிமீன்களை நினைத்தால் மனசு வரவில்லை. இதைக் கனியிடம் சொல்லுகிற தைரியமும் வரவில்லை.

யோசிப்பதற்கும் நேரமில்லை. அவர்கள் ஒரே மகள் நிவேதனாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

கல்யாண வாசலில் நின்று வருகிறவர்களை ஆள் தெரிந்து "வாங்க" என்று கூப்பிட வேண்டியது பெண்ணைப் பெற்றவனின் தலையாய வேலை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் மன்னிப்பார்கள், மேளம் மட்டமாக இருந்தால் மன்னிப்பார்கள். வாங்க என்று கேட்கவில்லை என்றால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அதிலும் கனிக்கு ஒரே ஒருவரைப் பற்றித்தான் பயம். பூபாலனின் அண்ணன் சந்தனராஜ்.

கோவில்பட்டியில் இரும்புக் கடை வைத்திருக்கிற சந்தனராஜுக்கும் பூபாலனுக்கும் ஏழு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அண்ணன் மகன் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காரப் போன பூபாலனை, அண்ணன் கையைப் பிடித்து எழுப்பி, "லே, நீ வீட்டு ஆளு. அடுத்த பந்தியில உக்காரு, வெளியாளுக உக்காரட்டும்" என்றார். வீட்டு ஆள் என்றதற்குப் பெருமைப்பட்டிருக்க வேண்டும். நம்முடைய டாக்டர் சாப்பிடாமல் காரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். சாப்பிடாமல் போன தம்பியை அண்ணன் கூப்பிடவில்லை. கூப்பிடாத அண்ணனைத் தம்பி கூப்பிடவில்லை. இப்போது கனிதான் பிடிவாதமாகப் பூபாலனைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போய்த் தட்டில் பத்திரிகை வைத்து அழைத்தாள். அண்ணன் வீட்டில் இல்லை. மதினி வாங்கி வைத்துக்கொண்டு, "வருவாவன்னுதான் நெனக்கேன்" என்றாள்.

"அண்ணன் வந்து, நீங்க பாட்டுக்கு யாரோன்னு நின்னீங்கன்னா, அதோட ஜென்மத்துக்கும் முடிஞ்சது பாத்துக்கோங்க" என்றாள் கனி.

"அண்ணன் பிரச்சினையே இல்ல கனி. இந்த மீசை, இந்தத் தொந்தி. குரல் வேற, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். மத்தவங்களை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

மற்றவர்களுக்குக் கனி வழி கண்டுபிடித்தாள். வாசலில் அவர் தோளோரம் நின்றுகொண்டு, சிரித்த முகத்தோடு, உதடு அசையாமல் சொல்லிக் கொடுத்தாள். "பச்சைப் பட்டு, எங்க சின்னம்மை." "வாங்க சித்தி!" "கண்ணாடி போட்டவரு, உங்ககூடப் படிச்ச பெருமாள்சாமி." "வாடா பெருமாள்சாமி!" பூபாலனும் சும்மா இருக்கவில்லை. மீனுக்குத் துடுப்பு மாதிரி மனுஷனுக்கு நடை, தோள், காது என்று பார்த்து வைத்துக்கொண்டார். சிரித்தால் இன்னும் சுலபம். இந்தத் தெற்றுப்பல் தாலுகா ஆபீஸ் கதிர்வேல், இந்தக் கடைவாய் உலோகம் நானே கட்டியது.

ஆனாலும் நம் ஊர்க் கல்யாணங்களில் ஒரு கொடுமை உண்டு. சொந்தக்காரர்கள் நேராக வந்து நின்று, "என்னைய யாருன்னு தெரியுதா, சொல்லு பாப்போம்" என்பார்கள். ரோஸ்லின் விசாரணையெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. ஒரு அத்தை இப்படி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றபோது, கனி திரும்பி யாருக்கோ சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பூபாலன் வழியில்லாமல், "வாயைக் கொஞ்சம் திறங்க" என்று சொல்லிவிட்டார். அத்தை நல்ல வேளையாக அதை டாக்டர் பகடி என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் பல் தெரிந்தது, ஆளும் தெரிந்தது.

முகூர்த்தம் முடிந்தது. தாலி ஏறியதைப் பார்த்துப் பூபாலன் கண் கலங்கினார். மாலையை வைத்துத்தான் மகளைக் கண்டுகொண்டோம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கலங்கினார். கண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போதே வாசலைப் பார்த்தார். மீசை வரவில்லை. தொந்தி வரவில்லை.

பந்தி ஆரம்பித்தது. படம் எடுக்கிறவர்கள் கனியை மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பூபாலன் ஒவ்வொரு பந்தியிலும் முதல் இலையில் யாரையும் உட்கார விடாமல் காவல் நின்றார். நாலு பந்தி எழுந்து போயிற்று. அந்த முதல் இலை காய்வதும் மாற்றுவதுமாக இருந்தது.

கடைசிப் பந்திக்கு இலை போட்டார்கள். சாப்பாட்டு ஹாலின் வாசலில் ஒருவர் தயங்கி நின்றார். பளபளவென்று மொட்டைத் தலை, மழித்த முகம், ஒட்டிய வயிறு, பட்டு வேட்டி. பூபாலனையே பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டில் தென்காசிப் பக்கத்து ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள். பூபாலன் போய்க் கைகூப்பினார்.

"வாங்க வாங்க. மாப்பிள்ளை வீடா?"

அந்த ஆள் பூபாலனை மேலும் கீழும் பார்த்தார். உதட்டோரம் என்னவோ துடித்தது.

"ஆமா" என்றார் கடைசியில். "மாப்பிள்ளை வீடுதான்." குரல் கரகரவென்று பாதிதான் வந்தது. பக்கத்தில் மெல்லிசைக் குழு வேறு டிரம்ஸை உடைத்துக்கொண்டிருந்தது.

"தொண்டை கட்டிருக்கே?"

"காலைல திருச்செந்தூர் கடல்ல குளிச்சேன். நீங்க சாப்பிட்டாச்சா?"

"இல்ல. ஒருத்தருக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்."

"அவரு வாரதுக்குள்ள நீங்க காஞ்சு போயிருவீங்க போலிருக்கே. எங்கூட உக்காருங்க. தனியா சாப்பிட ஒருமாதிரி இருக்கு."

நாலு பந்தி நின்ற கால் கெஞ்சியது. பூபாலன் முதல் இலையை விட்டுவிட்டு, இரண்டாவது இலையில் அவரை உட்காரவைத்து, மூன்றாவதில் தானும் உட்கார்ந்தார்.

"யாருக்கு அந்த இலை?"

"எங்க அண்ணனுக்கு."

"வரலையா?"

"வரணும். வருவாரு." பருப்பில் நெய் விழுந்தது. பூபாலன் பிசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழு வருஷமாப் பேச்சு இல்ல."

"பெரிய சண்டையோ?"

"சண்டைன்னு சொன்னா சண்டைக்காரன் சிரிப்பான். சாப்பாட்டு விஷயம், விடுங்க."

அந்த ஆள் விடவில்லை. "அண்ணன் எப்படிப்பட்டவரு?"

"மகா பிடிவாதம் பிடிச்ச மனுஷன். ஒரு ஜோக் சொல்ல ஆரம்பிச்சாருன்னா முடிக்கிறதுக்குள்ள அவரே சிரிச்சு உருண்டுருவாரு. அந்த ஜோக் என்னன்னு இன்னைக்கு வரைக்கும் எங்க குடும்பத்துல யாருக்கும் தெரியாது." சொல்லும்போதே பூபாலனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஆள் குனிந்து சாம்பாரைக் கவனித்தார். "எனக்கு மெட்ராஸ்ல பல் டாக்டர் படிப்பு கெடச்சுப் போனேன். முதல் வாரமே பிணத்தை அறுக்கச் சொன்னாங்க. மயங்கி விழுந்துட்டேன். படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு ராத்திரி பஸ் பிடிச்சு வீட்டுக்கு ஓடியாந்துட்டேன். அப்பா செருப்பைக் கழட்டிட்டாரு. அண்ணன் ஒரு வார்த்தை பேசல. என்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போயி விட்டுட்டு, காலேஜுக்கு எதுத்தாப்ல ஒரு டீக்கடையில உக்காந்துட்டாரு. ஒரு வாரம். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும். நான் பிணத்துப் பக்கத்துல நின்னு ஜன்னல் வழியா எட்டிப் பார்ப்பேன். அங்கன இருந்து கையைக் காட்டுவாரு. மறுபடியும் கத்தியை எடுப்பேன். அவரு கையைக் காட்டலேன்னா நான் இன்னைக்கு டாக்டர் இல்ல, ஒண்ணும் இல்ல."

அந்த ஆள் சோற்றை அளைந்தபடி கேட்டார், "இதையெல்லாம் அவருகிட்ட சொல்லிருக்கீங்களா?"

"அவருக்கே தெரியுமே, அவருதான வந்து உக்காந்தாரு."

"உக்காந்தது தெரியும். நீங்க இப்படி நெனச்சிட்டிருக்கது தெரியணும்லா?"

"அட போங்க. அண்ணன்கிட்ட போயி இதெல்லாம் எவன் சொல்லுவான்? கூச்சமா இருக்கும்."

"எங்கிட்ட சொல்லுதீங்களே."

"நீங்க மாப்பிள்ளை வீடு. இனிமே எப்பப் பார்க்கப் போறோம்?"

அந்த ஆளுக்குப் புரையேறியது. பூபாலன் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். வாயைத் திறந்து இருமியபோது இடது பக்கம் கட்டியிருந்த பல்வரிசை தெரிந்தது. தொழில்காரருக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

"இதை யாருங்க கட்டுனது? கொத்தனாரா?"

"நல்ல டாக்டர் ஒருத்தரு இருக்காரு. கொஞ்ச காலமாப் போக்குவரத்து இல்ல. அதான் வேற ஒருத்தன்கிட்ட போனேன்."

"என்ன மனஸ்தாபமா இருந்தாலும் பல்லுக்கு என்ன செஞ்சுச்சு? ஒருநாள் வாங்க, சரி பண்ணித் தாரேன்" என்று பூபாலன் தன் கார்டை எடுத்து நீட்டினார். அந்த ஆள் கார்டை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாயசம் ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டு, இலையை மடித்து எழுந்தார்.

"உங்க அண்ணன் வந்துட்டாருன்னே வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மேடைப் பக்கம் போனார்.

நல்ல மனுஷன், மாப்பிள்ளை வீட்டில் இப்படியும் ஒருத்தர் இருக்கிறாரே என்று பூபாலனுக்குத் திருப்தியாக இருந்தது. முதல் இலையைப் பார்த்ததும் திருப்தி போய்விட்டது. அண்ணன் வரவில்லை. அவ்வளவுதான், இனி வரப்போவதும் இல்லை.

மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தபோது கனி ஓடிவந்தாள். புடவையை வைத்து அவர் கண்டுகொண்டார்.

"என்னங்க, என்னத்த சொன்னிய அவியகிட்ட? மேடைக்கு வந்து நிவேதனா தலையில கைய வச்சு, 'உங்கப்பன் பெரிய ஆளும்மா'ங்காவ. கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு. தம்பி நேர்ல வந்து அழைச்சா மொட்டை போடுதேன்னு முருகனுக்கு நேந்திருந்தாவளாம். மீசையையும் எடுத்துட்டு, சுகர் வந்து பாதியா எளைச்சு, எனக்கே ஒரு நிமிஷம் திக்குன்னுச்சு. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சிய?"

பூபாலன் அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கனி, நான் அண்ணனைப் பார்த்து மாப்பிள்ளை வீடான்னு கேட்டேன்."

மறுநாள் காலையில் சந்தனராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்ற மொட்டையை இந்தத் தடவை பூபாலன் தவறவிடவில்லை. "வாங்கண்ணே" என்றார். ஏழு வருஷம் தொண்டையில் நின்ற வார்த்தை, கீச்சென்று வந்தது.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கனி கொடுத்த காபியை ஆற்றினார். குரல் பாதி திரும்பியிருந்தது. "லே, உங்கிட்ட இவ்வளவு நயம் இருக்கும்னு நான் சத்தியமா நெனக்கல. காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுருந்தீன்னா ரெண்டு பேருக்கும் கேவலமாப் போயிருக்கும். ஊர் பார்த்துச் சிரிச்சிருக்கும். நீ என்ன பண்ணுன? என்னைத் தெரியாத மாதிரியே மூஞ்சிய வச்சுக்கிட்டு, மாப்பிள்ளை வீடான்னு கேட்ட பாரு! எனக்கு ஒரு நொடி சுருக்குன்னுச்சு. அப்புறம்தான் பிடிபட்டுச்சு, ஓகோ, பய நாடகம் போடுதான்னு. நானும் விடல, ஆமான்னேன். ராத்திரி பூரா உங்க மதினிகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். பல்லுக்குக் கார்டு வேற குடுத்தான்னு!"

கனி அடுக்களை நிலையில் நின்றுகொண்டு பூபாலனைப் பார்த்தாள். அந்த முகம் யாருடையது என்று தெரியாவிட்டாலும், அது சொன்னது தெளிவாகத் தெரிந்தது: வாயைத் திறக்காதீங்க.

திறக்காமல் இருந்திருக்கலாம். பெரிய மனுஷன் என்கிற பேர் சும்மா வந்து மடியில் விழுந்திருக்கிறது. ஆனால் அண்ணன் அடுத்து, "இனிமே வாரா வாரம் இங்க வாரேன். பஜார்ல, கோயில்லன்னு எங்கயாவது பார்த்துக்கிடுவோம்" என்றார். பூபாலனுக்குப் பகீரென்றது. பஜாரில் இவர் எதிரில் வருவார். மயிர் வளர்ந்திருக்கும், மீசை வந்திருக்கும், சட்டை மாறியிருக்கும். நாம் பாட்டுக்குத் தாண்டிப் போவோம். அன்றைக்கு எந்த நாடகம் காப்பாற்றும்? பெருந்தன்மைக்காக அல்ல, பயந்துபோய்த்தான் அவர் உண்மையைச் சொன்னார்.

"அண்ணே, நேத்து நான் நாடகம் போடல."

எல்லாவற்றையும் சொன்னார். பேத்தை, கிளாத்தி, மதுரைத் தொப்பி, மீனைக் குடி வைத்தது, முகங்கள் காலியானது. "எனக்கு நெஜமாவே நீங்க யாருன்னு தெரியலண்ணே. இப்பவும் மொட்டையை வச்சுத்தான் தெரியுது. இன்னைக்கே மதுரைக்குப் போன் பண்ணுதேன், மீனைக் காலி பண்ணச் சொல்லுதேன். இந்தப் புத்தி கெட்டவனை என்ன வேணா சொல்லுங்க."

சந்தனராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். கனி கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே யாரோ பந்தல் கால்களைப் பிடுங்கி லாரியில் போடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அப்ப நேத்து சொன்னதெல்லாம் எனக்குச் சொன்னது இல்லையா?" என்று கேட்டார் அண்ணன்.

"இல்லண்ணே."

"டீக்கடையில உக்காந்தது, கைய காட்டுனது, எல்லாம்?"

"மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு நெனச்சுச் சொன்னேண்ணே."

"யாரு எவருன்னு தெரியாத ஒருத்தன்கிட்டயா?" சந்தனராஜ் நாற்காலி நுனிக்கு வந்தார். "யாரோ ஒருத்தன்கிட்ட உக்காந்து, என்னைப் பத்தி அப்படியாலே சொன்ன?"

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பூபாலன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, அண்ணனின் முழங்காலில் கை வைத்தார். அழுகையா சிரிப்பா என்றுகூடப் பிடிபடவில்லை.

"துண்டை எடுங்கண்ணே. நான் உங்க முகத்தைப் பார்க்கணும்" என்றார்.

"எதுக்குலே?" என்றார் அண்ணன், துண்டுக்குள்ளிருந்து. "எடுத்தா மட்டும் உனக்கு அடையாளம் தெரியவா போகுது?"